மாப்பிள்ளையோட மாம்பழப் புகையும் என்னோட பழைய தம்மும்: வாசனைக்கு இதுல என்ன வேலை?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

வணக்கமுங்க. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

வயசு 43. வீட்டு மாடியிலேயே கொலுசு பட்டறை, என்னோட சேர்த்து மூணு பேர். 19 வயசுல புடிச்ச தம், இப்ப நாளைக்கு 12ல நிக்குது. எங்கப்பா கொலுசை ஊதுகுழல்லதான் பத்தவச்சு ஒட்டுவாரு. இப்ப கேஸ் வந்துடுச்சு, ஆனாலும் சலங்கை ஒட்டுற நுணுக்க வேலைக்கு நான் குழலைத்தான் எடுப்பேன். அரை நிமிஷம் சேர்ந்தாப்ல ஊதினா இருமல் வந்து பொடியெல்லாம் பறந்துடுது. பத்தவைப்புப் பொடியும் வெள்ளி கலந்ததுதான், பறந்தது காசு.

2024 மார்ச்சுல இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு வாரம் போயிருந்தேன். அவ வீட்டுக்காரர், எங்க மாப்பிள்ளை, சேலத்துல இருந்தப்ப நாளைக்கு ஒரு பாக்கெட் காலி பண்ணுவாரு. அங்க போய் மூணு வருஷமா சிகரெட் தொடலையாம். கையில ஒரு மின்சிகரெட். பின்வாசப்படியில நின்னு இழுப்பாரு, நான் குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு தோட்டத்துல என் தம்மைப் பத்தவைப்பேன்.

ரெண்டாவது நாள், "மச்சான், நீங்களும் இதை இழுத்துப் பாருங்க"ன்னு ஒண்ணு குடுத்தாரு. சிகரெட் குடிக்கிறவன்தானேன்னு புகையிலை ஃப்ளேவர். ஈரச் சாக்குல வெல்லம் ஒட்டின வாசம். புகையிலை மாதிரியும் இருக்கு, புகையிலை இல்லாத மாதிரியும் இருக்கு. பசிக்கிறவன் முன்னாடி சாப்பாட்டுப் படத்தைக் காட்டின கணக்கு. நேரா தோட்டத்துக்குப் போய் ரெண்டு தம்மை ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சேன்.

மறுநாள் அவரு இழுக்குற மாம்பழத்தையே குடுத்தாரு. மாம்பழமா அது? சேலத்துக்காரன்கிட்ட அந்தப் பேரைச் சொல்றதுக்கு ஒரு துணிச்சல் வேணும். மல்கோவாவும் இல்ல, குண்டும் இல்ல, இமாம்பசந்தும் இல்ல. பள்ளிக்கூட வாசல் மிட்டாய். மாப்பிள்ளைகிட்டயே சொல்லிட்டேன். அவரு சிரிச்சுட்டு, "இது மாம்பழமா இருக்க வேணாம் மச்சான், சிகரெட்டா இல்லாம இருந்தாப் போதும்"ன்னாரு.

அன்னைக்கு ரெண்டே தம். அடுத்த நாள் ஒண்ணு. அதுக்கப்புறம் ஒன்பது நாள் ஒண்ணுகூட இல்ல. நடுவுல வேணும்னே பக்கத்து வீட்டு ஆள்கிட்ட ஒண்ணு வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். சீப்பு எரிஞ்ச நாத்தம். கீழ போட்டுட்டேன். இத்தனை வருஷமா இதையா இழுத்தோம்னு இருந்துச்சு.

இங்க கொண்டுவரக் கூடாதுன்னு தெரியும், அதனால அங்கேயே வச்சுட்டு வந்தேன். சேலம் ஜங்ஷன்ல இறங்கி டீக்கடையில நின்னதும் பத்தவச்சேன். முதல் இழுப்பு நாறுச்சு, மூணாவது நாறல. ஒரே வாரத்துல பழைய 12.

போன மாசம் ஒரு பையன் ரகசியமா வந்து ஒரு டப்பாவை நீட்டினான். 1800 ரூபாய். "மேங்கோ ஐஸ்ணா, ஃபாரின் சரக்கு"ங்கிறான். அட்டையில 5 சதவீதம்னு போட்டிருந்துச்சு. கையில வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். திருப்பிக் குடுத்ததுக்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லீங்க. லெஸ்டர்ல இருந்து வந்தப்ப ஒரு சட்டைப் பாக்கெட்ல அந்த மின்சிகரெட்டுக்குள்ள இருக்குற லிக்விட் கொஞ்சம் ஒழுகியிருந்துச்சு. துணியெடுத்து வைக்கும்போது எம் பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறா, அதை மோந்து பார்த்துட்டு, "அப்பா, இதுல என்ன மிட்டாய் வாசம்? நல்லா இருக்கே"ன்னா. என் சிகரெட் சட்டையை அவ ரெண்டு விரல்ல புடிச்சுத் தூக்கிப் போடுற பொண்ணு.

கேள்வி இதுதான். என்னை ஒன்பது நாள் நிறுத்தி வச்சது அந்த வாசனையா, உள்ள இருக்குற நிகோடினா, இல்ல ஊர் மாறினதா? வாசனைதான்னா, அது இல்லாம இங்க நான் என்ன பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. புத்திமதி வேணாம், வீட்ல நிறைய இருக்கு.

தட்டுவடைசெட்

அண்ணா, 1800 ரூபாய்க்கு சீசன்ல எத்தனை கிலோ மல்கோவா வரும்னு கணக்குப் போட்டீங்களா? நானா இருந்தா அந்தப் பையனைத் திட்டிட்டு நேரா மாங்கா மண்டிக்குப் போயிருப்பேன். மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது, படிக்க உக்காந்துட்டேன்.

குகைப்பையன் பர்மிங்காம்

அண்ணா, நான் நம்ம சேலம் குகை ஏரியாவுல பொறந்தவன், இங்க வந்து 11 வருஷம், அதுல 6 வருஷமா மின்சிகரெட். உங்க மாப்பிள்ளை சொன்னது சரி. நிறைய பேரு புகையிலை வாசனையிலதான் ஆரம்பிப்பாங்க, பழகினது ஆச்சேன்னு. கொஞ்ச நாள்ல பழம், மிண்ட்னு போயிடுவாங்க. நானும் அப்படித்தான், புகையிலை ஒரு மாசம், மெந்தால் ஒரு வருஷம், அப்புறம் லெமன். லெமனுக்கு வந்தப்புறம்தான் சிகரெட் நாறவே ஆரம்பிச்சுது.

வாசனையா நிகோடினான்னு கேட்டீங்க. நிகோடின் இல்லாம வெறும் மாம்பழத்தை இழுத்திருந்தா மூணு நாளு தாங்கியிருக்க மாட்டீங்க. வெறும் நிகோடின்னா அந்த ஈரச் சாக்கே போதுமா இருந்திருக்கணும். ரெண்டும் சேர்ந்துதான் வேலை பார்த்திருக்கு.

இங்க அரசாங்கமே சிகரெட்டை நிறுத்துறதுக்கு இதைக் குடுக்குது. 2019ல வெளிவந்த ஒரு சோதனையில, சிகரெட்டை விட உதவி கேட்டு வந்த 886 பேரைப் பிரிச்சு ஒரு பாதிக்கு மின்சிகரெட், இன்னொரு பாதிக்கு சூயிங்கம், தோல்ல ஒட்டுற பட்டை மாதிரி வழக்கமான நிகோடின் மருந்து. ஒரு வருஷம் கழிச்சு சிகரெட் இல்லாம இருந்தவங்க முதல் பக்கம் 18 சதவீதம், ரெண்டாவது பக்கம் 9.9. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 18ல நூத்துக்கு 80 பேரு ஒரு வருஷம் கழிச்சும் மின்சிகரெட்டை விடல. மருந்து பக்கம் ஜெயிச்சவங்கள்ல நூத்துக்கு 9 பேருதான் அந்த மருந்தோட இருந்தாங்க.

நானும் அந்த 80 சாதிதான். தம்முக்கு ஒரு முடிவு இருக்குண்ணா, பஞ்சு வந்ததும் அணைச்சுடுவோம். இதுக்கு முடிவே கிடையாது. சோபாவுல, கார்ல, கக்கூஸ்ல, தூக்கத்துல முழிச்சாக்கூட ஒரு இழுப்பு. நாறுனா வெட்கப்பட்டு வெளிய போவோம், இதுதான் நாறலையே. நிகோடினை மில்லிக்கு 18 மில்லிகிராம்ல இருந்து 12, 6, 3ன்னு குறைச்சுக்கிட்டு வந்தேன், உடம்புக்குத் தெரியவே இல்ல. லெமன் தீர்ந்து கடையில இல்லைன்னாதான் எனக்குக் கை நடுங்குது!

இன்னொரு கூத்து: ஒரே வாசனையை நாள் பூரா இழுத்தா நாக்கு செத்துடும், ஒண்ணும் தெரியாது. உடனே இன்னும் இனிப்பா ஒண்ணு வாங்குவோம். அந்த இனிப்பு, லிக்விட்டைச் சூடாக்குற கம்பிச் சுருள்ல கருகி ஒட்டும். அப்புறம் நீங்க சொன்ன சீப்பு எரியுற வாசம் இதுலயே வரும்.

ஏழாவது கொண்டை ஊசி

தம்பி, நான் ஏற்காட்டுல காபி ருசி பார்க்குறவன். கிண்ணத்துல தூளைப் போட்டு வெந்நீர் ஊத்தி, கரண்டியில எடுத்துச் சத்தமா உறிஞ்சித் துப்புற வேலை. இந்த வேலையில இருந்துக்கிட்டே 2017 வரைக்கும் தினம் 15 சிகரெட் குடிச்சவன். அதனால வாசனைக் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஒரு சின்னப் பரீட்சை பண்ணிப் பாருங்க. மூக்கை இறுக்கப் பொத்திக்கிட்டு ஒரு துண்டு மாம்பழத்தை மெல்லுங்க. இனிப்பும் புளிப்பும்தான் தெரியும். கையை எடுத்ததும்தான் "ஓ, மாம்பழம்"னு வரும். ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு தொண்டை வழியா மூக்குக்கு ஏறுற வாசம். நாங்க அவ்வளவு சத்தமா உறிஞ்சுறதும் அதுக்குத்தான், வாய் பூரா தெறிச்சு மூக்குக்குப் போகணும். மின்சிகரெட்டுலயும் அதேதான் நடக்குது. உள்ள இழுத்த ஆவி வெளிய வரும்போது மூக்கு வழியா வரும், மாம்பழம் அப்பத்தான் தெரியும்.

நிகோடின் தனியா எடுத்தா கசப்பு, தொண்டையில மிளகு மாதிரி சுரீர்னு ஏறும். அதை அப்படியே குடுத்தா யாரும் இழுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் மேல மாம்பழத்தைப் பூசுறது. "ஐஸ்"னு போடுறாங்களே, அது ருசியே இல்ல. மெந்தாலும் அதோட உறவுக்காரச் சரக்குகளும் வாயில குளிரை உணர்ற நரம்பைத் தட்டிவிடும், ஒண்ணும் குளிராமலே குளிரும். தொண்டை எரிச்சல் மறைஞ்சுடும், மனுஷன் இன்னும் ஆழமா இழுப்பான். மிண்ட் சிகரெட்டுலயும் அதே வித்தைதான். அதனாலதான் ஐரோப்பாவுல 2020 மே மாசத்தோட மெந்தால் சிகரெட்டையே நிறுத்தினாங்க.

உங்க ஒன்பது நாளுக்கு வரேன். சிகரெட் வாசம் உங்க மூளைக்கு ஒரு மணியடிப்பு. டீ, ஜங்ஷன், தீக்குச்சி, அந்த வாசம், எல்லாம் ஒரே கட்டு. புகையிலை ஃப்ளேவர் அந்த மணியை அடிச்சுட்டு சாப்பாடு போடல, அதான் தோட்டத்துக்கு ஓடினீங்க. மாம்பழம் மணியே அடிக்கல. ஊர் மாறினதும் உதவியிருக்கும், அங்க ஜங்ஷன் டீக்கடை இல்லையே.

நான் விட்டப்ப மின்சிகரெட் எல்லாம் பார்த்ததுகூட இல்ல. வேலைக்காரங்க கிராம்பு மெல்லச் சொன்னாங்க. கிராம்பு நாக்கை மரக்க வச்சுடும், என் தொழில் போயிடும். அதனால நம்ம மலை ஆரஞ்சுத் தோலைக் காயவச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். தம் நினைப்பு வந்தா ஒரு துண்டை மடிச்சு மோந்துட்டு, ஓரத்தைக் கடிப்பேன். மொத ரெண்டு மாசம் அது வெறும் தோல்தான், ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தோணுச்சு.

அடுத்த வருஷம் மார்ச் கடைசியில மழை பேஞ்சு தோட்டம் பூத்துச்சு. காபிப்பூ இருக்கே, ஒரே நேரத்துல செடி பூரா வெள்ளை வெளேர்னு பூத்து, ரெண்டு மூணு நாள்ல வாடிடும். 20 வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன். அன்னைக்குக் காலையில கதவைத் திறந்தா மல்லிப்பூ கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி. பொண்டாட்டியைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் என்ன இவ்வளவு வாசம்?"னு கேட்டேன். "வருஷா வருஷம் இதே வாசம்தான், உங்களுக்குத்தான் மூக்கு இல்ல"ன்னுட்டா.

காபி டீ விஷயத்துல ஒரு எச்சரிக்கை. சிகரெட் புகையில இருக்குற சில பொருள்கள் கல்லீரல்ல காஃபீனை வேகமாச் செலவழிக்க வைக்கும். நிகோடின் அதைச் செய்யுறதில்ல, புகைதான் செய்யுது. தம்மை நிறுத்தினதும் அந்த வேகம் போயிடும், அதே காபி ரெட்டிப்பாத் தங்கும். படபடப்பு, தூக்கம் வராது, கை நடுங்கும். "தம் இல்லாம இருக்க முடியல"ன்னு நினைச்சு மறுபடியும் பத்தவைப்போம். நான் நாலு தடவை அப்படி ஏமாந்தேன். நீங்க டீயை முதல் நாள்ல இருந்தே பாதியாக்கிடுங்க.

உங்களுக்கு நாக்கு தொழில் இல்லையே, கிராம்பு தாராளமாக் கடிக்கலாம். தொண்டையில அந்தச் சுரீர் வேணும்னு கேக்கும், அதுக்குச் சரியா இருக்கும்.

மருந்துக்கடை அக்கா, அஸ்தம்பட்டி

அண்ணா, புத்திமதி வேணாம்னுட்டீங்க, அதனால விவரம் மட்டும்.

அந்த 5 சதவீத டப்பா: 1 மில்லிக்கு 50 மில்லிகிராம் நிகோடின்னு அர்த்தம். உங்க மாப்பிள்ளை இருக்குற ஊர்ல சட்டப்படி 20க்கு மேல கூடாது. நீங்க அங்க இழுத்ததும் இதுவும் பேருல மட்டும்தான் ஒண்ணு. உள்ள இருக்குறது என்னன்னு அந்தப் பையனுக்கே தெரியாது. 2019 சட்டப்படி நம்ம நாட்டுல இதைச் செய்றது, இறக்குமதி, விக்கிறது, விளம்பரம், சேமிச்சு வைக்கிறது எல்லாமே குத்தம். வித்தா முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

வாசனைக்கு வரேன். "சாப்பிடுற எசன்ஸ்தானே"ன்னு கடையில நிறைய பேரு கேக்குறாங்க. வயித்துக்குப் போறது வேற, நுரையீரலுக்குப் போறது வேற. வெண்ணெய் வாசனைக்குப் போடுற டயசிட்டைல் சாப்பாட்டுல ஒண்ணும் பண்ணாது. அமெரிக்காவுல மிசூரி மாநிலத்துல ஒரு பாப்கார்ன் ஆலையில அந்த ஆவியைச் சுவாசிச்சு வேலை பார்த்த 8 பேருக்கு நுரையீரலோட சின்னக் குழாய்கள் தழும்பாகிச் சுருங்கிப் போனது 2000ல தெரிய வந்துச்சு. பிரிட்டன்ல இதை மின்சிகரெட் லிக்விட்ல போடக் கூடாது. சிகரெட் புகையிலயும் இது இருக்குங்கிறதையும் சொல்லிடுறேன், ஒரு பக்கமாப் பேசக் கூடாது.

உங்க பொண்ணு சட்டையை மோந்தது இருக்கே, உலகம் பூரா நடக்குற சண்டையே அதுதான். உங்களை நிறுத்தினதும் அந்த வாசம், அவளுக்கு "நல்லா இருக்கே"ன்னு தோணினதும் அதே வாசம். 2024ல அமெரிக்காவுல எடுத்த கணக்குல சுமார் 16 லட்சம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மின்சிகரெட் இழுத்தாங்க, அதுல நூத்துக்கு 87 பேருக்கு மேல வாசனை போட்டது. அங்க கம்பெனிக்காரங்க "பெரியவங்க சிகரெட்டை நிறுத்துறதுக்குப் பழ வாசனை உதவுது"ன்னு அனுமதி கேட்டாங்க. புகையிலை வாசனையைவிட இது கூடுதலா உதவுதுன்னு வலுவான ஆதாரம் காட்டுங்கன்னு அரசாங்கம் சொல்லுச்சு, காட்டலைன்னு மறுத்துச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2025 ஏப்ரல்ல தீர்ப்பு ஒருமனதா அரசாங்கத்துப் பக்கம். மெந்தாலுக்கே முதல் அனுமதி 2024 ஜூன்லதான் கிடைச்சுது. நெதர்லாந்துல 2024ல இருந்து புகையிலை வாசனை தவிர மத்ததெல்லாம் விக்கக் கூடாது. என்னைக் கேட்டா, உங்க மாப்பிள்ளைக்கு வாசனை வேணும், உங்க பொண்ணு கண்ணுல அது படக் கூடாது. ரெண்டையும் ஒரே கடையில எப்படிச் செய்றதுன்னு எந்த நாடும் இன்னும் ஒழுங்காக் கண்டுபிடிக்கல.

இங்க கிடைக்கிறது: நிகோடின் சூயிங்கம். 2 மில்லிகிராம் எங்க கடையிலயே வாங்கலாம். எந்திரிச்சு அரை மணிக்குள்ள முதல் தம்னா 4 தேவைப்படும், அதுக்கு டாக்டர் சீட்டோட வாங்க. மிண்ட் இருக்கு, பான் வாசனைகூட இருக்கு, அதனால வாசனையே இல்லைன்னு சொல்ல வேணாம். நூத்துக்கு எண்பது பேரு இதைத் தப்பா மெல்லுறாங்கன்னு என் அனுபவம். சும்மா சூயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவா நாலஞ்சு கடி, காரம் ஏறினதும் நிறுத்திக் கன்னத்துல ஒதுக்கணும். காரம் போனதும் மறுபடி. ஒண்ணு அரை மணி நேரம் வரும். மெல்லுறதுக்குக் கால் மணி முன்னாடி இருந்து டீ, காபி, ஜூஸ் கூடாது, வாயில நிகோடின் ஏறாது. ஏற்காட்டு அண்ணன் டீயைக் குறைக்கச் சொன்னதுக்கு இது இன்னொரு காரணம்.

1800-11-2356க்குக் கூப்பிட்டா காசில்லாம ஆலோசனை தருவாங்க. சிகரெட் பாக்கெட் மேலயே அந்த நம்பர் இருக்கும். நீங்க ஒண்ணு ரெண்டா லூஸ்ல வாங்குற ஆளா இருந்தா பாக்கெட்டையே பார்த்திருக்க மாட்டீங்க.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

அக்கா, லூஸ்ல வாங்குறவன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்க தெருமுனைக் கடைக்காரருக்கு நான் வந்தாலே கை தானா நீளும்.

நாலு வாரம் கழிச்சு எழுதுறேன். சூயிங்கம் வாங்கினேன். பான் வாசனையை முதல் நாளே தூக்கிப் போட்டுட்டேன், அதை மென்னா கூடவே ஒரு தம் கேக்குது, எங்க தாத்தா வெத்தலையோட சுருட்டும் குடிச்சவரு, ரத்தத்துலயே இருக்கு போல. மிண்ட் பரவாயில்ல. மொத வாரம் மடக்கு மடக்குன்னு மென்னு விக்கல் வந்து பட்டறையில சிரிச்சாங்க, அப்புறம்தான் அக்கா சொன்னதைத் திருப்பிப் படிச்சேன்.

இப்ப நாளைக்கு மூணு. நடுவுல ஒரு கல்யாணத்துல ஏழு, அதை மறைக்க விரும்பல. டீ ஆறுல இருந்து மூணு. ஊதுகுழல்ல 50 செகண்ட் வரைக்கும் போகுது, கடிகாரம் வச்சுப் பார்த்தேன். சட்டைப் பையில கிராம்பு. எம் பொண்ணு மோந்து பார்த்துட்டு, "பிரியாணியாப்பா?"ங்கிறா.

பர்மிங்காம் தம்பி சொன்னதை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். "எனக்கும் முடிவு இல்லதான் மச்சான்"னு ஒரு வரி போட்டாரு. அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு, சேலத்துல இருந்து வர்றவங்ககிட்ட ஆரஞ்சுத் தோல் குடுத்துவிட முடியுமான்னு கேட்டிருக்காரு. ஏற்காட்டு அண்ணா, இப்ப தோட்டத்துல ஆரஞ்சு இருக்குங்களா?

ஏழாவது கொண்டை ஊசி

காய் கொஞ்சம் கிடக்கு. தோலை நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா எண்ணெய் போயிடும். வியாழக்கிழமை நான் சேலம் இறங்குறேன், ஒரு பை கொண்டுவரேன். பட்டறை எந்தத் தெருன்னு மட்டும் தனியா அனுப்புங்க.